போர்வைக்கு ஒரு டிக்கெட்

மலேசியாவில் பருவங்கள் மூன்று: வெயில், மழை, பள்ளி விடுமுறை. வசந்தத்துக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் கோலாலம்பூரில் பாலர் பள்ளிக்குப் போகும் ஐந்து வயதுக்காரனுக்கு அவனுடைய டீச்சர் நான்கு பருவங்களையும் வண்ணப் படத்தோடு நடத்தி முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தவன் பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் கேட்டான்: "நம்ம ஊருக்கு ஸ்பிரிங் எப்போப்பா வரும்?" அப்பா ஏர்கோனைக் காட்டினார். "அதைப் போட்டா குளிர்காலம். நிறுத்துனா கோடைக்காலம். கரண்ட் பில் வந்தா இலையுதிர்காலம்."

பேராக் மாநிலத்தின் ஈப்போவில் இருக்கும் பாட்டி போனில் இதைக் கேட்டுவிட்டு வேறு பதில் சொன்னார். "மார்ச்சு லீவுக்கு இங்க வாய்யா. ரப்பர் மரத்துல காட்டுறேன்."

பாட்டி சொன்னது சரிதான். அமேசான் காட்டிலிருந்து வந்த ரப்பர் மரம் மலேசியாவுக்கு வந்த பிறகும் தன் பழக்கத்தை விடவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரம் காய்ந்தால் போதும், இலையெல்லாம் செம்பு நிறமாகி மொத்தமாகக் கொட்டிவிடும். கொஞ்ச நாளில் பளபளவென்று புதுத் துளிர் வந்துவிடும். துளிர் முற்றும்வரை பால் குறைவு. தோட்டத்துத் துரைமார் கணக்கில் அது மரத்தின் குளிர்காலம். பால் வெட்டிய பாட்டிக்கு அது தையல் காலம். வாளி நிறையாத மாதங்களில்தான் கிழிந்த சேலைக்கும் பழைய சட்டைக்கும் நேரம் கிடைத்தது என்பார்.

அப்படித் தைத்த போர்வை ஒன்று மூன்று வயதுப் பேத்தியிடம் இருக்கிறது. அது இல்லாமல் அவள் தூங்க மாட்டாள், சாப்பிட மாட்டாள், டாக்டரிடம் வாயைத் திறக்க மாட்டாள். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறியதும், அண்ணனுக்கென்று எடுத்த சீட்டில் அதை விரித்து, "இது உக்காரட்டும்" என்றாள். அண்ணன் உட்கார இடமில்லாமல் ஐந்து வயதுக்கே உரிய குரலில் நியாயம் கேட்டான். ஈப்போ வரை ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அவ்வளவு நேரமும் போர்வை ஜன்னலோரம் சொகுசாக வந்தது, டிக்கெட் எடுத்தவன் அப்பாவின் மடியில் வந்தான்.

ஈப்போ ஸ்டேஷனைப் பார்த்ததும் பையன், "பாட்டி வீடா?" என்று கேட்டான். கேட்டதில் தப்பில்லை. கோலாலம்பூர் பழைய ஸ்டேஷனுக்கு வடிவம் கொடுத்த ஹப்பக் என்ற அதே கட்டடக் கலைஞர்தான் இதற்கும். 1917இல் முடிந்த வேலை. குவிமாடமும் வளைவுமாக ராஜா குடியிருக்கும் இடம் போலத்தான் நிற்கும். அதன் வாசலில் பாட்டி கையில் குடையும் பையில் கச்சான் பொட்டலமுமாகக் காத்திருந்தார். பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்பு போர்வையைத்தான் பார்த்தார். "ஓரம் பிரிஞ்சிருக்கே, யாரு இழுத்தது?"

இந்த இடத்தில் பிள்ளைகளின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூடியூபில் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கும் குவில்டிங் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. உருட்டி வெட்டும் கத்தி, கட்டம் போட்ட பச்சைப் பாய், கண்ணாடி போன்ற அளவுகோல் எல்லாம் வந்து இறங்கின. கூடவே புத்தம்புதுப் பருத்தித் துணி ஆறு கஜம். அதை அவர் சதுரம் சதுரமாக வெட்டுவதைப் பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"புதுத் துணிதானேடி இது?"

"ஆமாம்மா."

"எங்கயாச்சும் கிழிஞ்சிருந்ததா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் வெட்டி, மறுபடி ஒட்டுற? முழுசாவே போத்திக்கலாமே!"

உலகத்துக் குவில்ட் கழகங்கள் எல்லாம் ஒன்றுகூடினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வராது. பாட்டியின் முறை வேறு. நைந்துபோன வாயில் சேலையை நாலாக மடித்துத் தரையில் விரிப்பார். அதன்மேல் துண்டுகளை வைப்பார்: தாத்தாவின் சாரோங், மகள் ஆரம்பப் பள்ளியில் போட்ட கருநீலப் பினஃபோர், காலர் போன வெள்ளைச் சட்டை, மாவுச் சாக்கின் நல்ல பாகம். ஓரங்களை மிதி மிஷினில் அடித்துவிட்டு, நடுவில் கையால் நூலோட்டுவார். அளவுகோல் அவருடைய சாண்தான். அந்த மிஷின் சிங்கர், தவணையில் வாங்கியது. சிங்கர் கம்பெனி 1856இலேயே அமெரிக்காவில் தவணை வியாபாரத்தைத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கு வெள்ளி எண்ணும் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குள் ஒரு மிஷின் நுழைந்தது அப்படித்தான். இப்போது அதன் மிதிக்குக் கீழே சின்னவள் உட்கார்ந்து கார் ஓட்டுகிறாள். பட்டன் போட்டு வைத்த மைலோ டின்னைப் பெரியவன் கவிழ்த்துவிட்டான். ஒரு பட்டன் மட்டும் கிடைக்காமல் அன்று மாலை முழுவதும் அவன் வாயை எல்லாரும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். கடைசியில் அது போர்வை மடிப்பிலிருந்து வந்தது.

மறுநாள் மாமாவின் மைவி காரில் கோலகங்சார். வழியில் சுங்கை சிப்புட். துண்டாடப்பட்டு விலை போன தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் கூட்டுறவுச் சங்கம் கண்ட துன் சம்பந்தன் பிறந்த ஊர். பாட்டி அதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தபோது சின்னவள் வாந்தி எடுத்தாள், போர்வைமேல். வரலாறு அங்கேயே நின்றுவிட்டது.

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் மிஞ்சிய கிழட்டு மரம் இன்னமும் நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் சில இலங்கை, சிங்கப்பூர் வழியாக இங்கே வந்து சேர்ந்தன. மூன்று தலைமுறைத் தமிழரைக் கப்பலேற்றிய மரம் என்று அம்மா உருக்கமாகத் தொடங்கினார். பெரியவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐஸ்கிரீம் எங்க?" என்றான். வெடிக்கும் ரப்பர்க் கொட்டையைக் காட்டுவதாகவும் பாட்டி வாக்குக் கொடுத்திருந்தார். தேடினால் ஒன்றுகூட இல்லை. பூவே இப்போதுதான் வரும், காய் வெடிக்க ஆகஸ்டு ஆகும். அறுபது வருஷம் மரத்தோடு இருந்தவருக்குப் பேரனைப் பார்த்ததும் மாதம் மறந்துபோயிருக்கிறது.

பத்து காஜா பக்கத்தில் இருக்கும் கெல்லி மாளிகை பிள்ளைகளுக்குப் பிடித்தது, காரணம் படிக்கட்டு. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915 வாக்கில் கட்டத் தொடங்கி, தமிழ்த் தொழிலாளர்களை வைத்து எழுப்பிய வீடு. மின்தூக்கிக்கு இடம்கூட விட்டிருக்கிறார். 1926இல் லிஸ்பனில் நிமோனியா வந்து இறந்தார், வீடு பாதியில் நின்றது. பாட்டிக்கு மாளிகையில் அக்கறை இல்லை. பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குத்தான் நடந்தார். விஷக்காய்ச்சலில் தொழிலாளர்கள் பலர் செத்த பிறகு கட்டிய கோயில் அது. கோயில் கூரையில் சாமி சிலைகளோடு தொப்பியும் கோட்டுமாக ஒரு துரை சிலையும் உண்டு. பாட்டி அம்மனைக் கும்பிட்டு, நிமிர்ந்து அவரையும் ஒரு பார்வை பார்த்தார். "மேல ஏறியும் ஆள் எண்ணிப் பெரட்டு எடுக்கிறான் பாரு."

அன்று இரவு போர்வை துவைக்கப்பட்டது, சின்னவள் தூங்கவில்லை. நேரத்தை ஓட்ட அம்மா சாங்கி போர்வைகளின் கதையைச் சொன்னார். 1942இல் ஜப்பானியர் சாங்கி சிறையில் அடைத்த பெண்கள், கிடைத்த துணியில் ஆளுக்கொரு சதுரம் தைத்தார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரம். வேறு முகாமில் இருந்த கணவன்மாருக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்று சேதி சொல்ல அதுதான் வழி. இந்த யோசனையைச் செயலாக்கிய எத்தல் மல்வனி கனடாக்காரர். சிறையிலிருந்த சிறுமிகள் தங்கள் சாரணியத் தலைவி எலிசபெத் என்னிஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அறுகோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை இன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நூல் எங்கிருந்து கெடைச்சுது அவங்களுக்கு?" என்றார். தையல்காரியின் கேள்வி. பழைய துணியைப் பிரித்து எடுத்தார்கள் என்றதும், "அதான்" என்று தலையாட்டினார். ஆறு கஜம் புதுத் துணியை யாரும் பேச்சில் இழுக்கவில்லை.

பாட்டி பிறந்த தோட்டத்தையும் போய்ப் பார்த்தார்கள். லயம் இருந்த இடத்தில் தாமான் என்னும் குடியிருப்பு வந்துவிட்டது, சுற்றிலும் செம்பனை. முனியாண்டி கோயிலும் அதன் பின்னால் ஏழெட்டு ரப்பர் மரங்களும் மட்டும் மிச்சம். அங்கேதான் பிள்ளைகள் வசந்தத்தைப் பார்த்தார்கள்: முழங்கால் வரை சருகு, தலைக்கு மேலே கோழிக்குஞ்சு நிறத்தில் துளிர். சருகில் விழுந்து புரண்டு இரண்டு பேர் சட்டையும் கிழிந்தது. கிழிந்த சட்டை பாட்டி பைக்குள் போய்விட்டது.

பிரிந்த ஓரத்துக்கு மஞ்சள் துண்டு ஒன்று வேண்டும் என்றார் பாட்டி. வீட்டில் இருந்த ஒரே மஞ்சள் மாப்பிள்ளையின் பேராக் ஜெர்சி, 2018இல் மலேசியக் கிண்ணம் ஜெயித்த ஆண்டு வாங்கியது. மாப்பிள்ளையிடம் மாமியார் நேரடியாகக் கேட்க முடியுமா? பேரனை அனுப்பினார். "அப்பா, பாட்டி உங்க சட்டைய கேட்டாங்க, ஆனா கேட்டதா சொல்ல வேணாமாம்."

மாப்பிள்ளை அன்றிரவே ஜெர்சியை மைவியின் ஸ்பேர் டயருக்கு அடியில் ஒளித்தார். அது வழுக்குத் துணி, ஊசிக்கு நிற்காது என்று பாட்டி எப்போதோ அதைக் கைவிட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு அது தெரியாது. மறுநாள் ரயிலேறி தாப்பா தாண்டிய பிறகுதான், கார் மாமாவுடையது என்பதே ஞாபகம் வந்தது.