பிரஷ்ஷுக்கு முடி நடுகிறவன்

தாத்தா போய்ச் சேர்ந்தால் அவருடைய கைக்கடிகாரத்துக்குப் போட்டி இருக்கும். ஊன்றுகோலை ஒரு மகன் கேட்பார். வெற்றிலைப் பெட்டி மகளுக்கு. மூக்குக் கண்ணாடியைக்கூட யாராவது பீரோவுக்குள் எடுத்து வைப்பார்கள். அவர் சவரம் செய்துகொண்ட பிரஷ்ஷை மட்டும் ஒருவரும் சீண்டமாட்டார்கள். கருமாதிக்கு முன்பே அது பாயோடும் தலையணையோடும் சேர்ந்து தெருக்கோடிக்குப் போய்விடும். என் பொழுதுபோக்கு அந்தத் தெருக்கோடியில்தான் ஆரம்பமாகிறது.

பழைய ஷேவிங் பிரஷ்ஷைத் தேடிப் பிடிப்பது, செத்த முடியைப் பிடுங்குவது, கைப்பிடியைத் தேய்த்து மெருகேற்றுவது, புது முடி பொருத்தி மறுபடி நுரை தள்ளவைப்பது. அவ்வளவுதான் விஷயம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே அலைகிறவர்கள் உண்டு. விழுப்புரத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். திண்டிவனத்தில் இன்னொருவர் இருந்தால், அவரும் என்னைப் போலவே வெளியில் சொல்லாமல் இருக்கிறார். எனக்கோ நெற்றி உச்சந்தலையைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. "சொந்தத் தலைக்கு நட வக்கில்ல, பிரஷ்ஷுக்கு நட்டுகினு உக்காந்திருக்காரு" என்பதைத்தான் வீட்டுக்காரம்மா வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காபிக்கு முன்னால் பரிமாறுகிறாள்.

எங்கள் பக்கத்தில் பழைய பிரஷ் கிடைப்பது குதிரைக்கொம்பு. தீட்டு மட்டும் அதற்குக் காரணமில்லை. நம் தாத்தாக்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாகப் பிரஷ்ஷே கிடையாது. நாவிதர் வீடு தேடி வருவார். திண்ணையிலோ புளியமரத்தடியிலோ உட்காரவைத்து, கிண்ணத்துத் தண்ணீரைத் தாடையில் தடவிக் கத்தியை வைப்பார். கூலி அறுவடைக்கு அறுவடை நெல்லாகப் போகும். தன் மோவாயைத் தானே மழித்துக்கொள்வது மாதச் சம்பளத்தோடு சேர்ந்து வந்த பழக்கம். ஜில்லெட் 1903-இல் பாதுகாப்பு ரேஸரை விற்கத் தொடங்கினார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் அதைத் தன் சிப்பாய்களுக்கு வாங்கிக் கொடுத்தது. அதன் பிறகுதான் உலகம் முழுக்க ஆண்பிள்ளைகள் காலையில் கண்ணாடி முன் நிற்கப் பழகினார்கள்.

ஆகவே பிரஷ் வேண்டுமென்றால் சம்பளக்காரர் வீட்டைத் தேட வேண்டும். வக்கீல், வாத்தியார், பட்டாளத்துக்காரர். எங்கள் ஊரில் எல்லாருக்கும் மேலே ரயில்வேக்காரர். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் கடலூர் வழி மயிலாடுதுறைக்கும் புதுச்சேரிக்கும் காட்பாடிக்கும் தண்டவாளம் பிரிகிறது. நடுராத்திரி டூட்டிக்குக் கிளம்புகிற கார்டு, நாவிதர் வரட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியுமா? பழைய ரயில்வே குடும்பங்களின் தகரப்பெட்டிகளில்தான் எனக்கு உருப்படியான சரக்கு கிடைத்திருக்கிறது. தகரப்பெட்டியை நமக்காகத் திறக்கவைப்பது தனிக் கலை. "உங்க தாத்தா ஷேவ் பண்ண பிரஷ் இருக்குதுங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் செய்வினை வைக்க வந்தவன் என்றே நினைப்பார்கள். முதலில் ஜாதகம், பிறகு சம்பளக் கமிஷன், அதன் பிறகுதான் பிரஷ்.

இன்னொரு சுரங்கம் புதுச்சேரி. பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து பென்ஷன் வாங்கிய சொல்தாக்களின் வீடுகள் கைமாறும்போது, மகாத்மா காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற சந்தைக்கு என்னென்னவோ வந்து சேரும். பாரிஸில் 1808-இல் தொடங்கிய பிளிசான் பிரஷ் கம்பெனியின் சரக்கு ஒன்றாவது அங்கே கண்ணில் படும் என்பது என் நீண்டகால நம்பிக்கை. இதுவரை பட்டதெல்லாம் பூட்டில்லாத சாவிகளும் ஒற்றைக் கால் செருப்பும்தான்.

சவரத்தை நம் ஜனம் லேசாக எடுத்துக்கொண்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் நெற்றிக்குறி வைக்கக் கூடாது, தாடி கூடாது, மோவாயை மழித்துக்கொண்டு அணிவகுப்புக்கு வர வேண்டும், தோல் வைத்த புதுத் தொப்பி போட வேண்டும் என்று கும்பினிக்காரன் உத்தரவு போட்டான். 1806 ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்குள் கோட்டை பற்றிக்கொண்டது. இந்தச் சரித்திரம் தெரிந்த நாளிலிருந்து, என் மகனிடம் "தாடிய எடுடா" என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

இனி வேலைக்கு வருகிறேன். கிடைக்கிற பிரஷ் பெரும்பாலும் பார்க்கச் சகிக்காது. முடி பாதி கொட்டி, மீதி சோப்புக் காரையோடு இறுகிப்போயிருக்கும். வாங்க வேண்டியது கைப்பிடியைப் பார்த்துத்தான். மரம், கொம்பு, பேக்கலைட், செல்லுலாய்டு, கேட்டலின் என்று அதில் சாதிகள் உண்டு. அமெரிக்காவில் 1927-க்குப் பிறகு வந்த கேட்டலின் எனக்கு உயிர். வெள்ளையாக வார்த்த பிளாஸ்டிக், வயதாக ஆக நெய் நிறத்துக்குத் திரும்பியிருக்கும். அசலா என்று பார்க்க, சுடுதண்ணீரில் காட்டிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து மோந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கூட லேபில் தவளை ஊறும் பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரு நெடி வந்தால் கேட்டலின். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், டீக்கடைத் தம்ளர் சுடுதண்ணீரில் ஒரு பிரஷ்ஷை முக்கி, தேய்த்து, கண்ணை மூடி மோந்து பார்த்துக்கொண்டிருந்த என்னை, பக்கத்து பெஞ்சுப் பெரியவர் ஒரு நொடி பார்த்தார். தம் பேரனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முடியை அடியோடு வெட்டிவிட்டால், குழிக்குள் அரக்கோ சிமெண்டோ ரப்பரோ வைத்து இறுக்கிய அடைப்பு மிஞ்சும். அதைக் குடைந்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டு மெஷினை வேகமாக ஓட்டினால் சூடேறும். செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கவே வாய்ப்புண்டு. நான் இதற்கு ஒரு கடைசல் பட்டறை ஆசாரியிடம் போகிறேன். முதல் தடவை கைப்பிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொட்டில் குமிழா சார்?"

"இல்லைங்க ஆசாரி. ஷேவிங் பிரஷ்."

"முடி எங்க?"

"அதத்தான் புதுசா வைக்கணும்."

"புது பிரஷ்ஷே முப்பது ரூபாய்க்குக் கிடைக்குதே சார்?"

"இது பழசு."

"அதான் நானும் சொல்றேன்."

அந்த இடத்தில் எங்கள் விவாதம் நின்றது. இன்றும் அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் கை சுத்தமான மனிதர். கைப்பிடியைத் துணி சுற்றிப் பிடித்து, பிட்டைக் கையாலேயே திருகித் திருகி, பழைய அரக்கை வெல்லத்தூள் போல உதிர்த்தெடுப்பார். 2019 வரை எங்கள் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்த வட்டாரத்து உளிக்காரர்களின் பொறுமை இந்தப் பக்கமும் கொஞ்சம் சிந்தியிருக்கிறது.

அதன் பிறகு தேய்ப்பு. தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், நானூறாம் நம்பரில் தொடங்கி இரண்டாயிரம் வரை. கடைசியில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுகிற பிராஸோ. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வேலைக்குப் போகும் ரயிலில் இந்தத் தேய்ப்பை வைத்துக்கொண்டேன். பளபளப்பு வந்த ஒன்றை ஆபீஸ் மேசைமேல் வைத்திருந்தேன். தபால் பிரிவுக்காரர் அதை எடுத்து, இங்க் பேடில் ஒரு குத்து, வந்த கடிதத்தில் ஒரு குத்து. ரப்பர் ஸ்டாம்ப் என்று நினைத்துவிட்டார். கடிதத்தில் வட்டமாக நீல மை. அதையும் ஃபைலில் வைத்து நம்பர் போட்டாயிற்று.

கைப்பிடி தயார் என்றால் முடி. பேட்ஜர் என்ற விலங்கின் முடி உசத்தி. தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும், நுனி பட்டு. பன்றி முடி மலிவு. ஆரம்பத்தில் முள்ளாகக் குத்தினாலும், பழகப் பழக நுனி பிளந்து மெத்தென்று ஆகிவிடும். குதிரை முடி இரண்டுக்கும் நடுவே. இப்போது நைலான் வகையறாவும் அருமையாக வருகிறது. எல்லாம் அடிப்பகுதி ஒட்டிய கொத்தாகக் கிடைக்கும். அராலடைட்டின் இரண்டு குழாயையும் சரிசமமாகக் கலந்து குழியில் இட்டுக் கொத்தை இறக்க வேண்டும். ஆழமாக இறக்கினால் விறைப்பு, மேலே நிறுத்தினால் தொளதொளப்பு. பசை முடிக்குள் ஏறிவிட்டால் நடுவில் ஒரு கட்டை முளைத்துவிடும். ஒரு முழு நாள் யாரும் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அந்தக் கடைசி நிபந்தனை மட்டும் சுலபமாக நிறைவேறுகிறது. யாரும் தொடுவதில்லை.

பன்றி முடி வந்த அன்று அம்மா சமையலறை வாசலிலேயே மறித்துவிட்டாள். அன்று வெள்ளிக்கிழமை வேறு. நான் அறிவியலைத் துணைக்கழைத்தேன். "அம்மா, 1938-ல அமெரிக்காவுல நைலான் பிரஷ் வர்ற வரைக்கும் வெள்ளைக்காரன் பல்லையே பன்னி முடியிலதான் தேச்சான்."

"அதனாலதான்டா நம்ம ஊர விட்டுத் தொரத்தினோம்" என்றாள் அம்மா, சுதந்திரப் போராட்டத்துக்கு இதுவரை யாரும் சொல்லாத காரணம் ஒன்றைச் சொல்லி. பிரஷ் மாட்டுக்கொட்டகைக்கு மாற்றப்பட்டது.

யோசனை சொல்கிறவர்களுக்கும் குறைவில்லை. "கீரி முடி வெச்சிப் பாருங்க சார், ஓவியக்காரங்க அதத்தான் வெச்சிருப்பாங்க" என்றார் ரயில் சிநேகிதர் ஒருவர். கீரி முடி வியாபாரம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019-இல் நாடு முழுக்க ரெய்டே நடந்தது. பிரஷ் தொழிலுக்குப் பேர்போன உத்தரப்பிரதேசத்து ஷேர்கோட்டும் அதில் தப்பவில்லை. "அப்ப தந்தக் கைப்பிடி?" யானைத் தந்த வியாபாரத்துக்கு 1986-லேயே கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் விடவில்லை. "நம்ம திருவக்கரையில கல்லாப் போன மரம் கிடக்குதே, அதுல ஒரு துண்டு?" அது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு பழமையான மரம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் இருக்கிறது. முகம் மழிக்கப்போய்க் கம்பி எண்ணுவதற்கு மூன்று தனித்தனி வழிகளை மயிலம் தாண்டுவதற்குள் காட்டிவிட்டார் மனிதர்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முதல் உலகப் போர்க்காலத்தில் பேட்ஜர் முடி வரத்து தடைப்பட்டபோது, அதே சாயலில் மலிவான குதிரை முடியை வைத்துப் பிரஷ் செய்து தள்ளினார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்த முடியில் ஆந்த்ராக்ஸ் வித்துகள் வந்து சேர்ந்தன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிப்பாய்களும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் நோய் கண்டது. சவரக் காயம் போதும், கிருமி உள்ளே புக. 1920-இல் ஜப்பான் பிரஷ்களை இறக்குமதி செய்யவே பிரிட்டன் தடை போட்டது. 1930-க்கு முந்திய பிரஷ்களில் அந்த அபாயம் இன்றும் லேசாக உண்டு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2017-இல் நினைவூட்டியது. அதனால்தான் பழைய முடியை நான் வைத்துக்கொள்வதே இல்லை. கையுறை போட்டு வெட்டி, எரித்துவிடுவேன். இதை மாடு வளர்க்கும் மாமாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "அட, அடைப்பான் நோய்!" என்றார். மறுநாள் கால்நடை மருந்தகத்தில், "எங்க மாப்பிள்ள பிரஷ்ஷுக்கும் ஒரு ஊசி போடணுமாம்" என்று டாக்டரிடம் விசாரித்துவிட்டும் வந்தார்.

இத்தனை பாடுபட்டுச் செய்த முதல் பிரஷ்ஷில் நுரை எழும்பவில்லை. குற்றம் பிரஷ்ஷுடையது அல்ல, எங்கள் போர்வெல் தண்ணீருடையது. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரித்திரியாகக் காரை கட்டுமே தவிர நுரை வராது. குடிக்க வாங்குகிற இருபது லிட்டர் கேனிலிருந்து ஒரு தம்ளர் பிடித்தேன். என்ன சொல்ல! கிண்ணம் நிரம்பி, விளிம்பு தாண்டி, வெண்ணெயாகத் திரண்டது நுரை. கன்னத்தில் பிரஷ் சுழலும்போது வெதுவெதுவென்று ஒரு சுகம், ஸ்பிரே டப்பாவை அழுத்துகிறவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. "ஏங்க, கேன் தண்ணியிலயா?" என்று குரல் வந்தபோது பாதிக் கன்னம் முடிந்திருந்தது. மறுபாதியைப் போர்வெல்லில் முடித்தேன்.

செய்தவற்றை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. மகனுக்குத் தாடி. மாப்பிள்ளைக்கு எலெக்ட்ரிக் டிரிம்மர். தம்பிக்குக் கொடுத்தேன், தீபாவளிக்கு ஜன்னல் இடுக்கில் தூசி தட்டினான். இருப்பதிலேயே உசத்தி, நெய் நிறக் கேட்டலின் கைப்பிடியும் வெள்ளிநுனி பேட்ஜர் முடியும் வைத்த ஒன்றை, தொழில் தெரிந்தவர் கையில் இருக்கட்டும் என்று, திண்டிவனத்தில் எனக்கு வழக்கமாக முடிவெட்டுகிற சலூன்காரரிடம் கொடுத்தேன். வெட்ட என்ன இருக்கிறது என்று கேட்காமல் முழுக் காசு வாங்குகிறவர். பிரஷ்ஷைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். கழுத்தில் தடவிப் பார்த்தார். "இன்னா மெது சார்!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் போனபோது பிரஷ் கண்ணாடி முன்னால் கம்பீரமாக நின்றது. முடி முழுக்கக் கன்னங்கரேல்.

"டை அடிக்கிறதுக்கு இத மாதிரி வராது சார்" என்றார். "ஒரு பொட்டு நெத்தியில எறங்கல. இன்னும் ரெண்டு இருந்தா குடுங்க, அம்பது ரூபா தரேன்."

"ஒன்னு அம்பதா, ரெண்டும் சேத்து அம்பதா?" என்று கேட்டேன்.