விக்காதே மாப்ளே!

வேணாம் மாப்ளே, விக்காதே. அந்த ரெண்டு கதவு வண்டி நம்ம தெருவுக்கு வந்ததுல இருந்து ஊருக்கே பொழுது போவுது. திண்ணையில குந்திகினு இருந்த கெழவனுங்க எல்லாம் எழுந்து நிக்கிறானுங்க. பசங்க பள்ளிக்கூடம் போறப்போ ஒரு தபா தொட்டுப் பாத்துட்டுத்தான் போவுதுங்க. ஒரு கோடிக்கு மேல கொட்டிக் குடுத்து எனக்காக வாங்கினேன்னு நீ நெனச்சிகினு இருக்கே. நெசத்துல அது ஊருக்குச் செஞ்ச தர்மம். அதைப் போய்த் தள்ளிட்டு அஞ்சு கதவு வச்ச சின்ன வண்டி வாங்கப் போறியாமே? உங்கம்மா வந்து மூக்கைச் சிந்துனா. "நீ சொன்னாத்தாண்ணா கேப்பான்"னா. சரி, சொல்றேன்.

ஓட்டறதுக்கு எடம் இல்லைன்னு சொன்னியாம். ஏன் இல்லை? திருமலைக்கு ரோடு போடலையா? ஆர்தர் ஹோப் துரை மெட்ராஸ் கவர்னரா இருந்தப்போ, 1944ல தொறந்த மலை ரோடு. 36 கொண்டை ஊசி வளைவு. இப்போ அது எறங்கற ரோடு, ஏர்றதுக்குப் பின்னாடி வேற ஒண்ணு போட்டாங்க. உன் வண்டிக்குன்னே வளைச்சி வளைச்சிப் போட்ட மாதிரி இருக்கும். ஒரே ஒரு சின்ன விஷயம்தான். அலிபிரியில தேவஸ்தானத்துக்காரங்க நேரம் குறிச்சிடுவாங்க. ஏர்றதுக்குக் கொறஞ்சது 28 நிமிஷம், எறங்கறதுக்கு 40 நிமிஷம். அதுக்கு மேல எவ்ளோ வேணா ஆவலாம், அதுக்குள்ள வந்துட்டா அபராதம். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். 18 கிலோமீட்டரை 28 நிமிஷத்துல ஏறினா மணிக்கு 40 கூட வரலை. எறங்கறப்போ 30க்கும் கீழ. உன்து நாலு செகண்டுல நூறைத் தொடுற வண்டி. கடைசி வளைவுக்கு முன்னாடி ஓரங்கட்டி, நேரம் ஆவட்டும்னு பீடி வலிச்சிகினு நிக்கிற ஜீப்பு டிரைவர் பக்கத்துல நீயும் நிப்பே. அவன் வண்டியும் உன் வண்டியும் ஒரே நிமிஷத்துல அடிவாரத்துக்கு வரும். பெருமாள் முன்னாடி எல்லாரும் சமம்னு சும்மாவா சொன்னாங்க?

மலை வேணாம்னா சமவெளி இருக்கு. ஜூன் மாசத்துல சித்தூர் ரோட்டுக்கு எடுத்துகினு வா. தோத்தாபுரி மாங்கா அறுப்பு. மாம்பழக் கூழ் பேக்டரி வாசல்ல இருந்து டிராக்டருங்க வரிசை கண்ணுக்கு எட்டின தூரம் நிக்கும். 2025 சீசன்ல விலை விழுந்து, கெவர்மெண்டு தலையிட்டு கிலோவுக்கு 12 ரூபான்னு சொல்லி, அதுல 4 ரூபாயைத் தானே குடுக்கிறேன்னு வந்த வருஷம் ஞாபகம் இருக்கா? அந்த வரிசைக்குப் பின்னாடி நீயும்தான் மாட்டிகினே. முன்னாடி நின்ன டிராக்டர்காரன் எறங்கி வந்தான். உன் வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தான். எத்தினி குதிரை சக்தி, எந்த தேசத்துச் சரக்குன்னெல்லாம் கேக்கலை. "எவ்ளோ குடுக்குது சாமி?"ன்னான். நீ "ஆறு"ன்னே. அவன் ஒண்ணும் பேசாம துண்டால மூஞ்சியைத் தொடச்சிகினு போயிட்டான். டன் கணக்குல மாங்கா தேங்கி நிக்கிற ஒரு சம்சாரி உன்னைப் பாத்துப் பரிதாபப்பட்டான் பாரு, அந்த யோகம் எத்தினி பேருக்குக் கிடைக்கும்?

பெட்ரோல் விஷயத்துலயும் நீ கெட்டிக்காரன். ஆந்திராவுல விலை ஜாஸ்தின்னு கிறிஸ்டியான்பேட்டை தாண்டித் தமிழ்நாட்டு பங்க்குல டாங்கை ரொப்பிகினு வரே. லிட்டருக்கு ஏழெட்டு ரூபா மிச்சம், 60 லிட்டருக்கு நானூத்தி சொச்சம். போய் வர நாப்பது கிலோமீட்டருக்கு மேல. உன் வண்டி குடிக்கிற குடிக்கு ஏழு லிட்டரு, எழுநூறு ரூபா. மிச்சம் புடிக்கிறதுக்காக நஷ்டப்படற கணக்கை நான் இந்த வயசுல உன் கிட்டத்தான் கத்துகினேன்.

அப்புறம் நம்ம ஸ்பீட் பிரேக்கருங்க. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒண்ணு இருக்கு, ஸ்பீட் பிரேக்கர் எப்படிப் போடணும்னு புஸ்தகமே எழுதி வச்சிருக்கு. 10 சென்டிமீட்டர் ஒசரம், 3.7 மீட்டர் அகலம், பதமா ஏறி எறங்கணும். நம்ம ஊர்ல யாரு அந்தப் புஸ்தகத்தைப் பாத்தான்? ஒரு கோழி அடிபட்டா மறுநாள் காலையில, வீடு கட்டி மீந்து போன சிமெண்டை எடுத்தாந்து ரோட்டுக்குக் குறுக்க ஒரு சமாதி கட்டிடறான். உன் வண்டி வயிறு தரைக்கு மேல நாலரை அங்குலம். நீ அதுல கோணலா ஏறி, ஒரு சக்கரமா எறக்கி, அடியில கரகரன்னு சத்தம் வந்ததும் கண்ணை மூடிக்கிறியே, அதைப் பாக்கத்தான் டீக்கடையில நாலு பேரு கூடுதலா டீ குடிக்கிறான். வண்டிக்கு ஒண்ணும் ஆவலைன்னாலும் உன் முதுகுக்கு ஆவும். புத்தூர் பக்கத்துலதான் இருக்கு, கட்டு போட்டுக்கலாம். எலும்பு முறிவுக்குன்னு பெங்களூர், மெட்ராஸ்ல இருந்தெல்லாம் ஜனம் வருது.

இன்னொண்ணும் சொல்றேன். நம்ம பழைய ஜில்லாவுல பேட்டரி செய்றான், கரக்கம்பாடியில. டயர் செய்றான், சின்ன பண்டூர்ல. ஸ்ரீசிட்டியில வண்டியே செய்றான். உன் வண்டிக்கு ஒரு டயர் வேணும்னா கப்பல் ஏறி வரணும். சர்வீசுக்குத் தானா ஓடிப் போவாது, லாரி மேல ஏறிகினு பெங்களூர் போவுது. பெத்த பொண்ணைக்கூட நாம அப்படி அனுப்பி வைக்கலை.

போதும். இப்போ ஒரு சின்னப் பரீட்சை. காணிப்பாக்கம் வா. வரசித்தி விநாயகர் முன்னாடி பொய்ச் சத்தியம் பண்ண இந்த ஜில்லாவுல எவனும் துணிய மாட்டான். பெரிய பெரிய அரசியல்வாதிங்களே ஒருத்தனை ஒருத்தன் "காணிப்பாக்கம் வந்து சொல்றியா?"ன்னுதான் சவால் விட்டுக்கிறான். கோயில் கொளத்துல முழுக்குப் போட்டுகினு வந்து நின்னு சொல்லு: வாங்கின நாள்ல இருந்து அந்த ஆக்சிலேட்டரைக் கடைசி வரைக்கும் ஒரு தபாவாவது மிதிச்சியா? மிதிச்சேன்னு சத்தியம் பண்ணு, உங்கம்மா கட்சியில சேந்து நானும் விக்காதேன்னு நிக்கிறேன்.

வாய் வரலை இல்லை? வராது. இரண்டாம் கியர்லயே நூறைத் தாண்டிடற வண்டி அது. 2018ல டில்லி போட்ட சட்டப்படி எக்ஸ்பிரஸ் வேயில 120, நாலு வழி ரோட்டுல 100, சாதா ரோட்டுல 70. சென்னை-பெங்களூர் எக்ஸ்பிரஸ் வே நம்ம ஜில்லா வழியா முழுசா வந்தாலும் அதே 120தான். அது உன் வண்டிக்குத் தூக்கத்துல நடக்கிற வேகம். ரங்கம்பேட்டை ஜல்லிக்கட்டுக் காளையைப் புடிச்சாந்து, கொம்புல பலகையும் கட்டி, தெனம் பால் சொசைட்டிக்குக் கேன் தூக்க விட்டிருக்கே. காளைக்கும் சந்தோஷம் இல்லை, பாலும் கொட்டுது.

உன் மூஞ்சியில நெசமான சிரிப்பை நான் எப்போ பாத்தேன் தெரியுமா? என் பழைய மாருதியை எடுத்துகினு பலமநேர் போயிட்டு மொகிலி காட் எறங்கி வந்தப்போ. மூணு சிலிண்டரும் உயிர் போறாப்ல கத்துது, நீ ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் கியரை மாத்தி மாத்திப் போட்டுகினு வந்து சேந்தே. சட்டை தொப்பலா நனைஞ்சிருந்தது. "அறுபதைத் தாண்டவே இல்லை மாமா, ஆனா பறந்த மாதிரி இருந்தது"ன்னே. அதாம்ப்பா விஷயம். சின்ன வண்டி அதுகிட்ட இருக்கிறது மொத்தத்தையும் உனக்குக் குடுத்துடும். எடை தொள்ளாயிரம் கிலோ இருந்தா வளைவுல சொன்னபடி கேக்கும், பிரேக்குக்கும் டயருக்கும் பாரம் கம்மி, தப்புப் பண்ணினாலும் திருத்திக்க நேரம் குடுக்கும். பெரிய வண்டி பத்துல ஒரு பங்கைக் காட்டிட்டு மீதியை லாக்கர்ல வச்சிக்கும்.

இது கெழவன் உளறல்னு நெனைக்காதே. 1964ல ஐரோப்பாவுல மான்டி கார்லோ ராலி. பனி கொட்டுது, மலை ரோடு. அமெரிக்காக்காரன் வி8 எஞ்சின் போட்ட ஃபோர்டு ஃபால்கனைக் கொண்டாந்து நிறுத்தினான். ஜெயிச்சது எது? பத்தடி நீளம் இருக்கிற மினி கூப்பர். ஓட்டினவன் பேடி ஹாப்கிர்க். மறு வருஷமும் மினிதான், 1967லயும் மினிதான். ரோடு நேரா இருந்தா எஞ்சின் பேசும், வளைஞ்சா எடை பேசும். நம்ம பக்கத்துல எந்த ரோடு நேரா இருக்கு?

நான் கூட வயசுல சோழவரம் ரேசு பாத்தவன். சத்தியவேடு தாண்டி மெட்ராஸ் போற வழியில, யுத்தத்து காலத்து விமான ஓடுபாதை. விஜய் மல்லையா நெசமான ஃபார்முலா ஒன் வண்டியையே அங்க கொண்டாந்து ஓட்டினாரு. அது போற சத்தம் வயித்தைக் கலக்கும், ஆனா ஜனம் தொண்டை கிழியக் கத்தினது எங்க தெரியுமா? அம்பாசிடரும் பியட்டும் கதவோட கதவு ஒரசிகினு வந்தப்போ. 1990க்கு அப்புறம் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிடுச்சு. அங்க ஃபார்முலா மாருதின்னு ஒரு பந்தயம், நம்ம 800 எஞ்சினைப் போட்ட வண்டி. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அதுலதான் ஆரம்பிச்சாரு. 2005ல இந்தியாவுல இருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போன மொத ஆளு. 796 சிசி போதுமா போதாதான்னு அவரைக் கேளு.

கௌரவம் போயிடும்னு உங்கம்மா கவலைப்படறா. டெண்டுல்கர் கௌரவத்தை விட உன்து பெருசா? பிராட்மேனோட 29 செஞ்சுரியைத் தொட்டதுக்கு பியட் கம்பெனி ஃபெராரி 360 மொடெனா குடுத்தது. 2002ல சூமாக்கர் கையால சாவி வாங்கினாரு. இங்க கொண்டாந்தா சுங்க வரி ஒரு கோடிக்கு மேல. கெவர்மெண்டு தள்ளுபடி பண்ணிச்சு, ஊரெல்லாம் கூச்சல், கோர்ட்டு வரைக்கும் போயி கடைசியில கம்பெனியே கட்டித் தொலைச்சது. 2011ல சூரத்து வியாபாரி ஒருத்தருக்கு அதை வித்துட்டாரு. பின்னாடி டெண்டுல்கரு எங்கிருக்குன்னு தேடினது எதைத் தெரியுமா? மொதமொதல்ல வாங்கின மாருதி 800ஐ.

மாத்திக்கிறது நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்லை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் ஜில்லாவுல இருந்து திருத்தணியைத் தமிழ்நாட்டுக்குக் குடுத்துட்டு, அந்தப் பக்கத்துல இருந்து செங்கல்பட்டு, சேலம் ஜில்லா ஊருங்களை இந்தப் பக்கம் வாங்கினோம். எல்லைத் தகராறைத் தீத்து வைக்க வந்த படாஸ்கர் சொன்னபடி நடந்த மாத்து. தேதி ஏப்ரல் ஒண்ணா இருந்தும் நாங்க ஏமாறலைன்னு ரெண்டு பக்கத்துக்காரனும் இன்னிக்கி வரைக்கும் சொல்லிகினு இருக்கான். உனக்கு அந்தக் குழப்பமே இல்லை. உன்கிட்ட வாங்கப் போறவன் ஏமாறுவான், அவ்ளோதான்.

அதனால வித்துடு. ஆனா ஒண்ணு, சின்ன வண்டின்னு பேரு வச்சிகினு வர்ற பெரிய வியாதி இருக்கு. 2025ல ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ இங்க வந்தது, 53 லட்சம். அஞ்சு கதவுதான், ஆனா அது உன் பழைய நோவுக்குப் புதுச் சட்டை. அந்தப் பக்கம் போவாதே. நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள எஞ்சின், அந்தக் கோட்டைத் தாண்டாதே. 2025 செப்டம்பர் 22ல இருந்து அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், பெரிய வண்டிக்கு 40. ஸ்விஃப்ட் வாங்கினா எடை கம்மி, கம்பெனி கணக்குல லிட்டருக்கு 24க்கு மேல குடுக்குது, வயிறும் தரைக்கு மேல 16 சென்டிமீட்டர், சமாதியெல்லாம் தாண்டிடும். கொஞ்சம் காரம் வேணும்னா ஹூண்டாய் ஐ20 என் லைன். 998 சிசி டர்போ, 120 குதிரை. இருங்காட்டுக்கோட்டையிலயே செய்றான், பந்தயத் திடலுக்குப் பக்கத்துல. ரெண்டையும் மொகிலி காட்டுல ஏத்தி எறக்கிப் பாரு, அதுக்கப்புறம் அட்வான்ஸ் குடு. ஷோரூம்காரன் அரை கிலோமீட்டர் சுத்திக் காட்டிட்டு டீ குடுப்பான், அதுல ஏமாறாதே.

மீதிப் பணத்துல மாந்தோப்புக்கு சொட்டு நீர் போடு. வண்டி மட்டும் கியர் போட்டு ஓட்டறதா வாங்கு. ஆட்டோமேட்டிக் வாங்கினேன்னு கேள்விப்பட்டேன், என் வாசப்படி ஏறாதே.