ஒரே சனிக்கிழமையில் டிரான்ஸ்பாண்டர்

அமெரிக்காவில் சொந்தமாக, சக்கரம் உள்ளே மடங்கும் ஒரு சின்ன செஸ்னா வைத்திருக்கிறீர்கள். பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வானத்துக்கு விமானம் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி வேண்டும் என்று 2020 ஜனவரி 1 முதல் சட்டம். அதை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரை மாட்டப் பட்டறைக்குப் போனால் பில் நீளும். கையில் ஸ்குரூ டிரைவர் இருக்கிறது. தொடங்குங்கள்.

1. கையேட்டின் உறையைப் பிரிக்காதீர்கள். எந்தப் பின்னில் எது என்பது அதில்தான் இருக்கிறது. போகட்டும், கம்பியின் நிறத்தைப் பார்த்து மாட்டுங்கள். விமானத்தில் முக்கால்வாசிக் கம்பி வெள்ளை.

2. ஆன்டெனாவுக்கு, வீட்டில் மிச்சம் கிடக்கும் டிவி கேபிள். அது 75 ஓம், கருவி கேட்பது 50. கேட்டதற்கு மேலேயே கொடுக்கிறீர்கள்! ஆன்டெனா உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டாம். எர்த் கிடைக்கும், அழகு போய்விடும்.

3. உயரம் சொல்லும் என்கோடர் பழைய கில்ஹாம் வகையா? கொண்டாட்டம்தான். ஏ1, ஏ2, ஏ4, பி1 என்று பிட்டுக்கு ஒரு கம்பி. ஒன்றை விட்டுவிடுங்கள், யார் எண்ணப்போகிறார்கள்? நீங்கள் சீராக ஏறிக்கொண்டிருப்பீர்கள். ராடார் திரையில் ஆயிரக்கணக்கான அடி குதித்துக்கொண்டிருப்பீர்கள். புது வகை என்றால் சீரியல் லைன். அனுப்பும் முனையை அனுப்பும் முனையோடு கட்டுங்கள். இரண்டும் பேசும், எதுவும் கேட்காது. நம் வீட்டில் நடக்காததா?

4. சக்கரத்தில் இருக்கும் ஸ்விட்சை, தரையா வானமா என்று சொல்லும் அதே ஸ்விட்சை, தலைகீழாக இணையுங்கள். ஷெட்டில் நிற்கும்போது ‘பறக்கிறேன்’ என்று ஊரைக் கூட்டும். மேலே போனதும் ‘தரையில் நிற்கிறேன்’ என்று அடங்கிவிடும். கட்டுப்பாட்டு அறைக்கும் ஒரு தலைவலி குறைந்தது.

5. கருவி இன்னொரு விமானத்தில் இருந்து கழற்றியதா? அதன் 24 பிட் முகவரியை மாற்றாதீர்கள். உலகத்தில் விமானத்துக்கு ஒன்று என்று கொடுத்த முகவரி அது. இனி உங்கள் தப்பெல்லாம் அந்த விமானத்துக்காரர் கணக்கில்.

6. தூரம் அளக்கும் டிஎம்இ-க்குப் போகும், ஒன்று பேசும்போது மற்றதை அடக்கிவைக்கும் சப்ரஷன் கம்பியை விடுங்கள், நேரமாகிறது.

7. இப்போது சோதனை. ஷெட் கதவு திறந்திருக்கட்டும், ஆன்டெனாவை எதுவும் போட்டு மூடாதீர்கள். எண் 7500 வையுங்கள்; மனதில் நிற்கும். கடத்தல் என்று அர்த்தம். பிறகு ஸ்டாடிக் குழாயில் காற்றை உறிஞ்சி 8,000 அடி வரை காட்டுங்கள். அதே உயரத்தில் மேலே ஒரு ஜெட் போகலாம். மோதலைத் தவிர்க்க அதில் இருக்கும் டிகாஸ் கருவி, உங்கள் ஷெட்டை எதிரே வரும் விமானம் என்று நம்பி, ‘ஏறு’ என்றோ ‘இறங்கு’ என்றோ சொல்லும். விமானி உடனே கீழ்ப்படிவார். அவருக்குக் கொடுத்த பயிற்சி அது.