வண்டு கேட்ட ஊரிலிருந்து சில கேள்விகள்

இனிமேல் போரெல்லாம் ட்ரோன் போராமே, தெரியுமா?
- உடையார்கட்டு வாசகர்

எனக்குச் சொல்கிறீர்களாக்கும்! உக்ரைன்காரர் ட்ரோனைக் கண்டு ஓடுவதற்குப் பல வருடம் முன்பே, தலைக்குமேல் 'வண்டு' என்ற ஆளில்லா வேவு விமானம் இரைந்தால் பின்னாலேயே குண்டுபோடக் கிபிர் விமானம் வரும் என்று பங்கருக்குள் பாய்ந்தது வன்னியிலுள்ள உங்கள் ஊர்தானே?

அந்தக் கிபிர்கள் இப்போது எப்படி?

ஐந்தைப் புதுப்பிக்க 2021இல் இலங்கை ஆட்சியாளர்கள் இஸ்ரேலோடு 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கையை விரித்தார்கள். கிபிர் இளமையாவதற்குள் கஜானா கிழடாகிவிட்டது.

உலகிலேயே மலிவான ஆயுதம் எது?

மிதிவெடி. செய்ய 3 டொலர் போதும், எடுக்க 300 முதல் 1000 டொலர் என்பது ஐ.நா.வின் பழைய கணக்கு. 2017இல் மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்த இலங்கைக்கு, அவற்றை எடுத்து முடிக்கக் கெடு 2028 ஜூன். செயற்கை நுண்ணறிவுக் காலமென்கிறார்கள்; இங்கே இன்னும் வன்னிப் பெண்கள்தான் வெயிலில் முழந்தாளிட்டு, முகக்கவசத்துக்குள் வேர்க்க வேர்க்க, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிறார்கள்.

2030க்குள் இராணுவத்தை ஒரு இலட்சமாகக் குறைக்கப் போகிறார்களாமே, சமாதானம் வந்துவிட்டதா?

2023 ஜனவரியில் அறிவித்தபோது, தொழில்நுட்பத்தில் தேர்ந்த படை வேண்டும் என்றார்கள். பாதுகாப்புச் செலவில் பெரும்பகுதியைச் சம்பளமும் சாப்பாடும் தின்றால் தொழில்நுட்பத்துக்கு மிச்சம் ஏது? வந்தது சமாதானமல்ல, சம்பள நாள்.

அப்படியானால் இராணுவ முகாமுக்குள் இருக்கும் எங்கள் காணியும் கிடைக்குமா?

ஆளைக் குறைப்பதாகத்தானே சொன்னார்கள், காணியைக் குறைப்பதாக யார் சொன்னது?