பின்சாய்வியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

பாயிரம்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் ஒன்று, வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, பின்னாலிருந்து பார்த்தபோது இடப்பக்கம் சாய்ந்து நின்றது. இந்நூல் எழுந்த காரணம் இது. நுதலிய பொருள்: பின்சக்கரங்கள் இரண்டுக்கும் மேலுள்ள இடைவெளி ஒன்றுபோல் இல்லாதது ஏன் என்பது. கேட்போர்: அடுக்ககக் கார் நிறுத்துமிடத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற ஐவர். பயன்: கடைசியில் சொல்லப்படும்.

வாங்குமுன் பார்க்கவில்லையா என்று கேட்பவர்கள் பழைய கார் வாங்கியிராதவர்கள். பானெட்டைத் திறந்து பார்த்தேன், ஏசியைப் போட்டுப் பார்த்தேன், ஆர்.சி. புக்கைத் தலைகீழாகக்கூடப் பார்த்தேன். வண்டியின் பின்னால் பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புரோக்கர் வண்டியை இடப்பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். அது தற்செயல்தான் என்று இன்றுவரை நம்ப முயன்றுவருகிறேன்.

ஸ்பிரிங்குக்குத் தமிழில் வில் என்று பெயர். மிராசுதார்கள் ஏறிய வில்வண்டியில் இருந்தது இந்த வில்தான். வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய அதே ஏற்பாடு அம்பாசிடரின் பின்புறத்திலும் கடைசி வரை, அதாவது 2014 வரை, இருந்தது. லாரிகளில் இன்றும் இருக்கிறது. சிறிய கார்களில் பட்டை போய்ச் சுருள்வில் வந்துவிட்டது. பெயர் மாறினாலும் விதி ஒன்றே. சுமை எவ்வளவு கூடுகிறதோ அந்த அளவுக்கு வில் அமுங்கும். இதைக் கண்டுசொன்ன ராபர்ட் ஹூக் 1676இல் அதை நேராகச் சொல்லாமல், எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ஒரு புதிராக வெளியிட்டார். 1678இல் தாமே அவிழ்த்தும் காட்டினார். ‘சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, கையில கிடைக்காது’ என்பதும் அதே வகைப் புதிர்தான். ஆனால் ஹூக் இரண்டே வருடத்தில் விடை சொன்னார்.

பரபக்கம்

சிவஞான சித்தியார், பிறர் கொள்கைகளை எடுத்து மறுக்கும் பரபக்கத்தை முடித்துக்கொண்டுதான் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்குப் போகிறது. சாய்ந்த காருக்கும் இதைவிட நல்ல முறை இல்லை.

முதலில் காற்றுவாதம். வாதி, வாட்ச்மேன் அண்ணன். “இடது டயர்ல காத்து கம்மி சார்” என்றார். பார்த்தால் இரண்டிலும் முப்பத்துமூன்று. குறைந்திருந்தாலும் வாதம் நிற்காது. காற்றுப்போன டயர் வண்டியைத் தாழ்த்தும். ஆனால் சக்கரத்தின் நடுப்புள்ளிக்கும் மேலே உள்ள வளைவின் விளிம்புக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தொடாது. எங்கள் வண்டியில் அந்தத் தூரமே வேறுபட்டது.

அடுத்தது என் மச்சானின் அதிகாரவாதம். டிரைவர் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் பின்சீட்டில் இடப்பக்கம்தான் உட்காருவார்கள். முந்தைய ஓனர் அப்படிப்பட்ட கனமான ஆசாமி. தினமும் ஆபீஸ் போய்வந்ததில் இடது ஸ்பிரிங் இறங்கிவிட்டது என்பது அவர் கட்சி. ஆர்.சி. புக்கில் ஓனரின் எடையை எழுதும் வழக்கம் இல்லாததால் நேரடிச் சான்று கிடைக்கவில்லை. தர்க்கத்தால் மறுக்கலாம். அந்த மனிதர் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வண்டியோ தன் சொந்த எடையோடு அந்த ஸ்பிரிங்கின் மேல் இருபத்துநாலு மணி நேரமும் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்கிய இரும்பு இவரால்தான் குனிந்தது என்றால், அவர் மிகப் பெரிய மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. “உனக்கு ஆபீசருங்களைத் தெரியாதுடா” என்று முடித்துக்கொண்டார்.

மூன்றாவது, ஷாக்வாதம். இதை முன்வைத்த ஒர்க்‌ஷாப்பின் பெயர் வேண்டாம். ஏசி அறையும் காபி மெஷினும் உள்ள இடம். வண்டியைத் தூக்காமலே, “ரெண்டு பேக் ஷாக்கும் போயிடுச்சு சார், ஏழாயிரத்து இருநூறு” என்று அச்சிட்ட தாள் ஒன்று கைக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கார் வைத்தியத்தில் ஷாக் அப்சார்பர் என்பது நாட்டு வைத்தியத்தில் பித்தம்போல. எந்த நோய்க்கும் அதுவே காரணம். உண்மையில் வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை, அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது. ஷாக் போன வண்டி பள்ளத்தில் விழுந்தால் தொட்டில்போல ஆடும். நின்ற இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து யோசித்துக்கொண்டிருக்காது. டிக்கியின் மூலையை அமுக்கி விட்டேன். ஒரே தரம் எழும்பி நின்றது. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான்காவது வாதம் வலிமையானது. இரண்டாம் மாடி சார் வாஸ்துவில் கரைகண்டவர்.

“தம்பி, வண்டி எந்தத் திசை பாத்து நிக்குது?”

“வடக்கு சார்.”

“அப்ப இடது பின்சக்கரம் தென்மேற்கு. கன்னி மூலை. கன்னி மூலை எறங்கலாமா?”

ஐவரும் இல்லை என்று தலையாட்டினார்கள்.

“திருப்பித் தெற்கு பாக்க நிறுத்துங்க. அதே சக்கரம் ஈசானியத்துக்கு வந்துடும். ஈசானியம் தாழத்தான் இருக்கணும். தோஷமே கிடையாது.”

சொன்னதோடு விடவில்லை. வீடு கட்டிய காலத்தில் கொத்தனார் விட்டுப்போன ரசமட்டத்தை எடுத்துவந்து டிக்கியின் குறுக்கே வைத்தார். குமிழி வலது ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். மறுபடி வைத்தார். குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவே வந்து நின்றது. யாரோ கைதட்டினார்கள். நான் படித்த இயற்பியல் எல்லாம் அந்தப் பச்சைத் திரவத்தில் மூழ்குவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

சுபக்கம்

விடை மறுநாள் காலை, வண்டி கழுவும் தண்ணீரில் கிடைத்தது. வாளியைக் கவிழ்த்ததும் தண்ணீர் நேராக மேற்கே, சாக்கடை மூடியை நோக்கி ஓடியது. கொத்தனார்கள் இதை வாட்டம் என்பார்கள். தரையே மேற்கே சரிந்திருக்கிறது. வண்டி வடக்கே பார்த்து நின்றால் அதன் இடப்பக்கம் மேற்கு; தரையின் சரிவும் வண்டியின் சாய்வும் கூட்டுச்சேரும். தெற்கே பார்த்து நின்றால் இடப்பக்கம் கிழக்கு. ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். ரசமட்டம் பொய் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னது, அவ்வளவுதான். வண்டியைத் திருப்பி வைத்து இரண்டாம் முறை அளப்பது எந்த ஆய்வுக்கூடமும் மெச்சும் முறை. அதை வாஸ்துவின் பேரில் செய்தோம்.

ஆகவே தரையை நம்பாத ஓர் அளவு வேண்டும். பெட்ரோல் பங்கில் சமதளமான இடம் பார்த்து, டிக்கியைக் காலி செய்து, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தி, வண்டியை ஆள் நீளம் முன்னும் பின்னும் உருட்டி, நாலு மூலையையும் அமுக்கிவிட்டு, வீட்டுத் தையல் டேப்பால் அளந்தேன். சக்கரத்தின் மையத்திலிருந்து வளைவின் விளிம்பு வரை வலப்பக்கம் 37.2 சென்டிமீட்டர், இடப்பக்கம் 35. வித்தியாசம் 22 மில்லிமீட்டர். ஒரு விரற்கடைக்குச் சற்று மேல். இரு சக்கரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 1.4 மீட்டர். ஆக வண்டியின் சாய்வு அறுபத்துநாலுக்கு ஒன்று. எங்கள் கொத்தனார் தரைக்கு வைத்த வாட்டமும் ஏறக்குறைய அதேதான் என்பதால்தான் குமிழி அவ்வளவு பக்தியோடு நடுவில் நின்றது.

இடித்து நசுங்கி, டிங்கரிங் செய்து, பட்டி பூசிய வண்டியில் அந்த வளைவே கோணலாக இருக்கலாம். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த வாத்து பொம்மைக் காந்தத்தைக் கழற்றி வளைவு நெடுக ஒட்டிப் பார்த்தேன். எங்கும் கப்பென்று பிடித்தது. பட்டியில் காந்தம் ஒட்டாது. வாத்தின் சாட்சியம் ஏற்கப்பட்டது.

இனி சாய்வின் பிறப்பிடம். பின்னால் சாய்ந்தால் பின்னால்தான் கோளாறு என்று நினைப்பது பாமரம். முன்பக்க வலது ஸ்பிரிங் உடைந்தாலும் குறுக்கே எதிர்மூலை எழும்பி நிற்கும். இதைப் பிரித்தறிய எங்கள் தெருமுனை ஷெட் மெக்கானிக் அண்ணன் செய்த சோதனையைப் போல அழகான ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. முன்பக்கம் நட்டநடுவில், கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தில் ஒற்றை ஜாக்கியை வைத்து, முன்சக்கரங்கள் இரண்டும் தரையைவிட்டு எழும் வரை தூக்கினார். “நாற்காலி ஆடும் சார், முக்காலி ஆடாது” என்றார். வண்டி இப்போது முக்காலி. முன்பக்கத்துக்கு ஒரே கால். அது எந்தப் பக்கத்தையும் தூக்கவோ தாழ்த்தவோ முடியாது. இப்போது பின்பக்கம் நேரானால் பழி முன்பக்கத்தின் மேல். நேராகாவிட்டால் பின்பக்கமே குற்றவாளி. நேராகவில்லை.

நான் இடது ஸ்பிரிங்கை நோக்கி டார்ச்சோடு குனிந்தேன். அடிச்சுற்று துருப்பிடித்து ஒடிந்திருக்கிறதா, உட்காரும் ரப்பர் மெத்தை காணாமல் போயிருக்கிறதா என்று தேடினேன். சுற்றுகள் முழுசு, மெத்தையும் இடத்தில் இருந்தது. அண்ணன் பின்னால் நின்று பீடியை அணைத்தார்.

“எல்லாரும் எறங்குனதையே பாக்குறீங்க. ஏறுனதைப் பாருங்க சார்.”

இந்த ஆய்வின் மையம் இந்த ஒரு வாக்கியம்தான். வாட்ச்மேன் முதல் வாஸ்து வரை நாலு வாதிகளில் ஷாக்காரர் இரண்டு பக்கத்தையும் மாற்றச் சொன்னார். மற்ற மூவரும் இடப்பக்கத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். நானும்தான். தாழ்ந்திருப்பது கெட்டுப்போனது, உயர்ந்திருப்பது சரியானது என்று யார் சொன்னது?

வலது ஸ்பிரிங்கின் நடுச்சுற்றுகளுக்கு இடையே கறுப்பாக, கைமுறுக்குத் தடிமனில் ஒரு ரப்பர் வளையம் செருகியிருந்தது. ஸ்பிரிங் பஃபர். சுற்றுகள் நெருங்கவிடாமல் தடுத்து வண்டியை எழுப்பி நிறுத்தும் சாமான். அண்ணன் இடப்பக்கம் போய் விரலால் தடவிக் காட்டினார். சுருள் முழுக்கச் செம்மண்ணும் எண்ணெயும் அப்பியிருக்க, நடுவே ஒரு சுற்று மட்டும், கழற்றிய வளையல் விட்டுப்போன கைத்தடம்போல, புதுப் பெயிண்டோடு பளிச்சென்று இருந்தது. அங்கேயும் ஒன்று இருந்திருக்கிறது. எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

முந்தைய ஓனரைக் குறை சொல்வதற்கில்லை. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வரையறுத்து வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் இருப்பது ஓர் இரவில் குடியிருப்போரே எழுப்பியது, தலையணை வடிவம். அதன் மேல் குடும்பத்தோடு ஏறும் எவனும் ரப்பர் வளையம் தேடிப் போவான். வாங்கியபோது ஜோடியாகத்தான் மாட்டியிருப்பார். ஒன்றை வேகத்தடை வாங்கிக்கொண்டது.

வலது மூலையை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டதும் சுற்றுகள் விரிந்தன. சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திருகினார். பஃபர் வெளியே வந்து, ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைபோல என் கையில் வழுக்கியது. வண்டியை இறக்கி உருட்டி அளந்தோம். வலம் 35.4, இடம் 35. நாலு மில்லிமீட்டர் பாக்கி. பத்து மில்லிமீட்டருக்குக் கீழே எதையும் அண்ணன் கணக்கில் எடுப்பதில்லை. இருநூறு ரூபாய், டீ தனி.

ஒழிபு

சாயாத காரை ஓட்டிவந்து, மரியாதை கருதி, சொன்னபடியே தெற்கு பார்க்க நிறுத்தினேன். இறங்கிப் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்தேன். வண்டி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வாட்டத்தோடு கழித்துக்கொள்ள இப்போது வண்டியிடம் ஒன்றும் இல்லை. அதை விளக்க வாளியும் தண்ணீரும் தேவைப்படும் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் மாடி சார் ரசமட்டத்தோடு இறங்கி வந்துவிட்டார். குமிழி இடது ஓரத்துக்கு ஓடியது.

“நேத்து வரைக்கும் நேராத்தானே தம்பி இருந்துச்சு? யார்ட்ட குடுத்தீங்க வண்டிய?”