நுமாந்தியா மேசைப் போரில் பகடையின் இடம்: ஓர் ஆய்வு

மேசைப் போர் யாதெனின், நரைத்த தலையர் இருவர் மேசையின் இருபுறமும் நின்று, நகத்தளவு ஈயப் பொம்மைகளை நகர்த்தி உலக வரலாற்றைத் திருத்துதல். இதற்கு எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்றொரு விதிநூலே எழுதிவிட்டார். எனவே இதனை வெறும் விளையாட்டு என்பார் கூற்று பொருந்தாது.

இவ்வாய்வின் எல்லை, ரோமானியரும் ஐபீரியப் பழங்குடிகளான செல்ட்டிபீரியரும் மோதும் போர்கள். களம், இன்றைய ஸ்பெயினில் சோரியாவை ஒட்டிய நுமாந்தியா. 1990இல் வெளியான 'டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்' விதிப்படி படைக்குப் பன்னிரண்டு பிரிவுகள். நான்கைப் பறிகொடுத்தால் அநேகமாகக் கதை முடிந்தது. ஒரு முறைக்கு எத்தனை நகர்வுகள் செய்யலாம் என்பதும் பகடையின் சித்தம். ஒன்று விழுந்தால் ரோமக் குடியரசே கைகட்டி நிற்கும்.

வண்ணப் பூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 40 மி.மீ. அகல அட்டையில், 15 மி.மீ. உயர ரோமானியர் நால்வர். ஒவ்வொருவர் கேடயத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்பு இழுக்க வேண்டும். செல்ட்டிபீரியர் கரடுமுரடான கறுப்புப் போர்வை அணிந்தனர் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ். ஆதலால் சோம்பேறிகளே அப்படையை வாங்குவர் என்று ஒரு சாரார் உரைப்பர். அஃதன்று, அவர்கள் வெண்கலத் தலைக்கவசத்தில் ஊதா நிறக் கொண்டை உண்டென்றும் அதே டியோடோரஸ் சொல்லியிருப்பதால் அங்கே கண் போய்விடும். நேற்றுப் பூசி முடித்த பிரிவே இன்று முதலில் சாகும் என்பதில் மட்டும் எல்லாத் தரப்பாருக்கும் உடன்பாடு.

இனி ஆய்வுச் சிக்கல். ஆடுவோர் கி.மு. 153ஐ விழுந்து விழுந்து ஆடுகிறார்கள், கி.மு. 133 என்றால் முகம் சுளிக்கிறார்கள். ஏன்?

153இல் செல்ட்டிபீரிய ஊரான செகெடாவின் மக்கள் மதிலை நீட்டிக் கட்டினர், ரோம் சினந்தது. தளபதியைச் சீக்கிரம் அனுப்ப வேண்டி, படை நடத்தும் ஆட்சித்தலைவர்களான கான்சல்கள் மார்ச் 15இல் பதவியேற்பதை ஜனவரி 1க்கே நகர்த்தினர். (புத்தாண்டு வாழ்த்து அனுப்புவோர் செகெடா மதிலுக்கும் ஒரு கும்பிடு போடலாம்.) அவ்வளவு அவசரமாக வந்த கான்சல் நொபிலியர், நுமிடிய மன்னர் மசினிசா அனுப்பிய பத்து யானைகளோடு நுமாந்தியாவை முட்டினார். யானையைக் கண்டறியாத எதிரிகள் ஊருக்குள் ஓடினர். மதிலருகே ஒரு யானையின் தலையில் பெரிய கல் விழ, அது பிளிறித் திரும்பித் தன் படையையே மிதித்தது. மற்றவையும் அதன் வழியே போயின என்று பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். மேசைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே வீச்சில் பத்து யானையும் கட்சி மாறும்.

133க்கு வருவோம். முந்தைய ஆண்டே வந்துவிட்ட ரோமத் தளபதி சிப்பியோ எமிலியானஸ் முதலில் பாசறையிலிருந்து வணிகரையும் விலைமாதரையும் குறிசொல்வோரையும் விரட்டினார். ஆளுக்கொரு இறைச்சி சுடும் கம்பி, ஒரு வெண்கலப் பானை, ஒரு கோப்பை, படுக்கை கிடையாது. படையைக் குழி தோண்டச் சொன்னார், தூர்க்கச் சொன்னார். சுவர் எழுப்பச் சொன்னார், இடிக்கச் சொன்னார். பின்பு ஊரைச் சுற்றி ஏழு கோட்டைகள், ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் மதில். டூயரோ ஆற்றில் கத்திகள் செருகிய மரங்களைக் கயிற்றில் கட்டிச் சுழலவிட்டார். நீந்தியும் தப்ப முடியாது. எதிரிகள் வெளியே வந்து போருக்கு அழைத்தால் காது கொடுக்கவில்லை. மசினிசாவின் பேரன் ஜுகுர்தா பன்னிரண்டு யானைகளோடு உதவிக்கு வந்தும் அவற்றை மதிலில் முட்டவிடவில்லை. உள்ளே பசி வேலையை முடித்தது.

ஆகவே இவ்வாய்வின் துணிபு: சிப்பியோ வென்றது நுமாந்தியாவை அன்று, பகடையை. ரோமின் ஆகச் சிறந்த தளபதியை மேசை ஒதுக்குவதும், ஆகப் பெரிய சொதப்பல்காரரை ஞாயிறுதோறும் உயிர்ப்பிப்பதும் இதனாலேயே என்க.

குறை தீர்க்கப் புதிய விதிகள் வருமாறு: சிப்பியோவாக ஆடுபவர் பகடையைத் தொடலாகாது, அட்டையை வெட்டி மேசையைச் சுற்றி மதில் ஒட்ட வேண்டும், கோணினால் பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டும். எதிர்த்தரப்பார் எத்தனை ஆறு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மதிலுக்கு உள்ளேயே. யானைக்கு வண்ணம் பூசத் தடையில்லை. அது பெட்டியை விட்டு வரலாகாது. செல்ட்டிபீரியர் பக்கத்துக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கிடையாது. ரோமானியர் பக்கத்துக்கு உண்டு. ஆனால் ஆளுக்கு ஒரு கோப்பைதான்.