நடுவர் வாங்கலையோ, நடுவர்!

ஜொகூர் மக்களே, ஒரு நற்செய்தி. இனி நம் மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரியை நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். அறிவிப்பு இன்னும் வரவில்லை, வரவும் வராது. ஆனாலும் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். நடக்காததை நடந்ததாக நினைத்துக் கைதட்டுவது நமக்கொன்றும் புதிதல்லவே!

பெக்கான் நானாஸில் பிரச்சாரம் களைகட்டிவிட்டது. நீலக் கொடி, சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, நடுவே ‘நடுநிலை’ என்று எழுதிய வெள்ளைக் கொடி. அதை அச்சடித்தவர் யார், காசு கொடுத்தவர் யார் என்று மட்டும் கேட்கக்கூடாது. செராமா எனும் பிரச்சாரக் கூட்டத்தில் முதல் வேட்பாளர் முழங்குகிறார்: “அழியாத மை வாங்குவேன், ஆனால் பூச மாட்டேன்!” கூட்டம் சிரிக்கிறது. சிரிக்க என்ன இருக்கிறது? 2008 பொதுத்தேர்தலுக்கு மையை வாங்கி அடுக்கிவிட்டு, வாக்களிப்புக்கு நான்கே நாள் இருக்கும்போது ‘வேண்டாம்’ என்று கைகழுவியது நம் தேர்தல் ஆணையம். இரண்டாமவர் இன்னும் தாராளம்: “நான் பூசுவேன், ஆனால் கழுவினால் போய்விடும்!” அது 2013. மூன்றாமவர், “ஓட்டுப் போடுவதை வாரத்தின் நட்டநடுவே வைப்பேன், வெளியூரில் வேலை செய்கிறவன் எப்படி வருகிறான் பார்க்கலாம்” என்கிறார். 2018 மே 9, புதன்கிழமை. மூவருமே அனுபவசாலிகள். யாரை விடுவது, யாரை எடுப்பது?

ஒரு சின்னச் சிக்கல். இந்தத் தேர்தலை நடத்தப்போவது யார்? தேர்தல் அதிகாரிதான். அவரே மறுபடியும் நின்றால்? தன் மனுவைத் தானே சரிபார்த்து, தன் ஓட்டைத் தானே எண்ணி, தன் வெற்றியைத் தானே அறிவித்து, தன் கழுத்தில் தானே மாலை போட்டுக்கொள்வார்.

கட்டுக்கதை என்கிறீர்களா? அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பல மாநிலங்களில் தேர்தலை மேற்பார்வையிடும் மாநிலச் செயலாளரே கட்சி வேட்பாளராக நின்று ஜெயித்து வருகிறார். 2000 அதிபர் தேர்தலின்போது புளோரிடாவின் செயலாளர் கேத்தரின் ஹாரிஸ், அதே மாநிலத்தில் புஷ்ஷின் பிரச்சாரக் குழுவுக்கு இணைத்தலைவர். 537 ஓட்டு வித்தியாசத்தில் புஷ் வென்றதாகச் சான்றளித்ததும் அவர்தான். 2018-இல் ஜார்ஜியாவின் செயலாளர் பிரையன் கெம்ப், ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டே அந்தத் தேர்தலையும் மேற்பார்வையிட்டார். ஜெயித்தார். செயலாளர் பதவியிலிருந்து எப்போது விலகினார்? வாக்களிப்பு முடிந்து இரண்டு நாள் கழித்து! அவசரமென்ன, மெதுவாகத்தான் விலகினார்.

சிரித்தாயிற்றா? இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 114-ஆவது பிரிவு, தேர்தல் ஆணையம் பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கலந்துகொண்டு மாமன்னர் நியமிக்கிறார். பெயர் எங்கிருந்து கிளம்புகிறது என்பது நாடறிந்த ரகசியம். நம்பிக்கை வைக்க வேண்டிய பொதுமக்களை மட்டும் இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அமெரிக்கன் நடுவரின் சட்டை நிறத்தைப் பார்த்தாவது ஓட்டுப் போடுகிறான். நமக்கு அந்தச் சட்டை, அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியவருகிறது.

2000 முதல் 2008 வரை ஆணையத் தலைவராக இருந்த அப்துல் ரஷீட் அப்துல் ரஹ்மான், பின்னர் பெர்காசா என்ற மலாய் உரிமை அமைப்பில் சேர்ந்தார். அதன்பின் பெர்சாத்து கட்சிக்குப் போனார். 2018-இல் தேர்தல் சீர்திருத்தக் குழுவுக்கே தலைவரானார். நோயைப் பற்றி அவரைவிட யாருக்கு அதிகம் தெரியும்! 2018-இல் ஆணையத் தலைவராக வந்த அஸார் ஹருணை மாற்றத்தின் முகம் என்று கொண்டாடினோம். 2020 ஜூன் மாதம் அவர் பதவி விலகினார். ஜூலை மாதம் மக்களவை சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியைக் காலி செய்ய அரசாங்கத்துக்குக் கிடைத்தது 111 ஓட்டு, எதிராக 109. சட்டப்படி எல்லாம் சரி. சட்டப்படி சரியாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல்.

முதுகெலும்புள்ள நடுவரே நமக்கு வாய்க்கவில்லையா? வாய்த்தார். முதல் தலைவர் முஸ்தபா அல்பக்ரி. தொகுதிக்குத் தொகுதி வாக்காளர் எண்ணிக்கை 15 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று அன்றைய சட்டம் சொன்னது. அதன்படி 1960-இல் அவர் எல்லைகளைத் திருத்தினார். ஆளுங்கூட்டணிக்குப் பொறுக்கவில்லை. ஆளை அசைக்க முடியாததால் பேனாவைப் பிடுங்கினார்கள். 1962 திருத்தம் அவர் போட்ட எல்லைகளைத் தூக்கி வீசியது. இறுதி முடிவை மக்களவையின் கைக்கு மாற்றியது. நகரத் தொகுதியில் பாதி அளவுக்குக் கிராமத் தொகுதி இருக்கலாம் என்றது. 1973-இல் அந்தப் பாதிக் கணக்கும் போனது. விளைவு? 2022 பொதுத்தேர்தலில் பாங்கி தொகுதியில் மூன்று லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், சரவாக்கின் இகானில் முப்பதாயிரம்கூட இல்லை. இரண்டு ஊருக்கும் ஆளுக்கொரு எம்பி. பாங்கிக்காரனின் ஓட்டு பத்தில் ஒரு பங்கு ஓட்டு. இதை ஒரு மளிகைக்கடைக்காரன் தராசில் செய்திருந்தால் அதிகாரிகள் கடையைச் சீல் வைத்திருப்பார்கள்.

ஜொகூரும் சளைத்ததல்ல. 2022 மார்ச் 12 மாநிலத் தேர்தலில் ஓட்டுப் போட வந்தவர்கள் ஏறக்குறைய 55 விழுக்காடு. அதில் 43 விழுக்காடு வாங்கிய தேசிய முன்னணிக்கு 56-இல் 40 இடம். வந்தவர்களிலேயே பாதிப் பேர்கூடக் கேட்காத ஆட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு பலம்! இதற்கு நடுவர் என்ன செய்வார்? விசில் ஊதுவார். அந்த விசிலை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். செலவு வரம்பு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு லட்சம் ரிங்கிட் என்று சட்டம் சொல்கிறது. வேட்பாளர் கொடுக்கும் கணக்கில் அது தாண்டாது. கட்சி செய்யும் செலவு கணக்கிலேயே வராது. இடைத்தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். பெக்கான் நானாஸ் அடங்கிய தஞ்சோங் பியாயில் 2019-இல் மந்திரிகளும் முன்னாள் மந்திரிகளும் படையெடுத்தார்கள். அதற்கு முந்தைய தடவை தேசிய முன்னணியிடமிருந்து 524 ஓட்டில் பறிபோன தொகுதி, அந்தத் தடவை 15,086 ஓட்டில் அதனிடமே திரும்பியது.

ஊர்க்காரர்களுக்கு நடுவரைத் தேர்ந்தெடுக்கும் ஆசை வேறா? அடைத்துக்கொண்ட சாக்கடைக்குப் பதில் சொல்ல வேண்டிய நகராண்மைக் கழக உறுப்பினரையே நம்மால் தேர்ந்தெடுக்க முடியாது. ஊராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள், 1976-இல் சட்டம் போட்டுப் புதைத்தார்கள்.

நம் கற்பனைத் தேர்தலில் ஒரு பாட்டி கட்சிக் கூடாரத்துக்கு வருகிறார். சுதந்திரத்துக்கு முன்பே இங்கே பிறந்து, தோட்டத்தில் முதுகொடிந்தவர். “தம்பி, ஓட்டு எங்க போடணும்?”

“ஐசி இருக்கா பாட்டி?”

முந்தானையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, சுற்றியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி நீட்டுகிறார். சிவப்பு அடையாள அட்டை.

“அட, சிவப்பு ஐசியா? இதுக்கு ஓட்டு இல்லையே. அதனால என்ன பாட்டி, ஹம்பர் வாங்கிட்டுப் போங்க.”

பாட்டிதான் கற்பனை; அவர் கையிலிருக்கும் அட்டை கற்பனையல்ல. பிறந்த மண்ணில் நிரந்தரவாசி என்ற பட்டத்தோடு செத்துப்போன நம் கிழவன் கிழவிகள் எத்தனை பேர்! இதே பெக்கான் நானாஸில் குடிநுழைவுத் தடுப்பு முகாம் இருக்கிறது. தாள் இல்லாதவர்களை அடைக்க இடம் கட்டினார்கள். தாளைக் கொடுக்காதவர்களை அடைக்க எங்கேயும் கட்டவில்லை.

எனக்கு நடுவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு வேண்டாம். அது ஜார்ஜியாக்காரனுக்கே இருக்கட்டும். நியமிப்பதாலேயே நடுவர் கெட்டுவிடுவதில்லை: இந்தியாவில் டி. என். சேஷன் நியமனத்தில் வந்தவர்தான், 1990 முதல் 1996 வரை கட்சிகளை நடுங்க வைத்தார். ஓய்வுக்குப் பிறகு 1999-இல் காந்திநகரில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார். அந்தப் பொல்லாத ஆசைக்குத்தான் தடை வேண்டும். ஆணையத் தலைவராகப் போகிறவரை நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்தி, நாடு பார்க்கக் கேள்வி கேளுங்கள். ஓய்வு பெற்றவர் சில ஆண்டுகள் கட்சிப் பக்கமும் அவைத்தலைவர் நாற்காலிப் பக்கமும் போகக்கூடாது என்று எழுதுங்கள். எல்லை போடும் பேனாவை ஆட்டக்காரர்களிடமிருந்து வாங்கி ஆணையத்திடம் திருப்பிக் கொடுங்கள். 15 விழுக்காட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சிவப்பு அட்டைக்காரர்கள் சாவதற்குள் அவர்களுக்குக் குடியுரிமையோடு நீல அட்டை கொடுங்கள்.

“அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டுமே” என்று இழுப்பார்கள் நம் மக்கள் பிரதிநிதிகளான வைபிகள். 1962-இல் கிடைத்தது. 1973-இல் கிடைத்தது. 2019-இல் வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாக்கியபோது அவையில் இருந்த 211 பேரும் கட்சி பேதமில்லாமல் ஆதரித்தார்கள். மனசு வைத்தால் எண்ணிக்கை தானாக வரும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. இனி எண்ணிக்கை போதவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிற வைபி எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த ஊர் அவர் முகத்துக்கு நேராகப் ‘பொய்’ என்று சொல்ல வேண்டும்.